பா ஊரின் இரண்டு பந்துகள்

மைதானங்களின் கதை – 14

சென்ற பகுதியைக் கல்கத்தாவில் நிறுத்தியிருந்தோம். 1872 கிறிஸ்துமஸ் அன்று அணிக்கு 20 பேராக வெள்ளைக்காரர்கள் இறங்கி ஆடிய ஆட்டம், அடுத்த மாதமே தொடங்கிய கல்கத்தா ஃபுட்பால் கிளப், ஐந்தே ஆண்டில் அது படுத்த கதை. இலவச மதுவை நிறுத்தியதும் ஆள் குறைந்தது. பட்டாளம் மாற்றலாகிப் போனது. மிச்சமிருந்த துரைமார் போலோவுக்கும் டென்னிசுக்கும் தாவினார்கள். கடைசியில் வங்கியில் கிடந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடி மூன்றும் மூடிமேல் யானையுமாக ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டுக் கணக்கை முடித்தார்கள். அந்தக் கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதி வருகின்றன. ராணுவமும் கிளப்புகளும் பின்னாளில் இந்தியாவில் ரக்பி ஆடத்தான் செய்தன. ஆனால் ஊர் அதைத் தொடவில்லை.

கல்கத்தாவில் துரைமாருக்கு அலுத்ததும் ஆட்டம் படுத்தது. பிஜித் தீவில் துரைமார் கையை விட்டுப் போனதால்தான் பிழைத்தது. பசிபிக் கடலில் கிடக்கும் அந்த நாட்டின் மக்கள் மொத்தமே 9 லட்சம் சொச்சம். நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2011 கணக்கிலேயே 13 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தச் சின்ன நாடு ரக்பியில் ஒலிம்பிக் தங்கம் வாங்கி, அதைக் கொண்டாட 7 டாலருக்கு ஒரு நோட்டே அச்சடித்தது. நாமோ ஹாக்கிதான் தேசிய விளையாட்டு என்று பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்தோம். அப்படி எந்த விளையாட்டையும் அறிவிக்கவில்லை என்று 2012இல் தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்கு மத்திய அரசே பதில் எழுதியது. தேசிய விளையாட்டு அரசாணையில் பிறப்பதில்லை என்பதற்கு பிஜியை விட நல்ல சாட்சி கிடையாது.

விட்டி லெவு என்பது பிஜியின் பெரிய தீவு. அதன் வடமேற்கில் ஓர் ஆற்றங்கரை ஊர், பெயர் பா. 1884இல் அந்த ஊரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அரசின் ஆயுதக் காவல் படையில் இருந்த பிஜியர்களும் சேர்ந்து ஆடியதுதான் அந்நாட்டின் முதல் ரக்பி ஆட்டமாகச் சொல்லப்படுகிறது. இரண்டே ஆண்டு கழித்து, 1886இல், அதே ஊரில் ராராவாய் சர்க்கரை ஆலை ஓடத் தொடங்கியது. ஆலை ஆஸ்திரேலியாவின் காலனியல் ஷுகர் ரிஃபைனிங் கம்பெனியுடையது. பந்தும் கரும்பும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்திறங்கிய ஊர் என்பதால், இந்தப் பகுதி முழுக்க பாவையே சுற்றிவரப் போகிறது.

இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயலாக இருக்கலாம். இரண்டும் இரண்டு சாதி மனிதர்களுக்குப் போய்ச் சேர்ந்தது தற்செயல் இல்லை. 1874 அக்டோபர் 10 அன்று பிஜியின் தலைவர்கள் தீவுகளை விக்டோரியா மகாராணிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே தட்டம்மை வந்து ஏறத்தாழ 40,000 பேரை வாரிக்கொண்டு போனது. முதல் கவர்னராக வந்த சர் ஆர்தர் கார்டன் ஒரு முடிவெடுத்தார்: பிஜியர் நிலத்தை விற்கக்கூடாது, தோட்டக் கூலியாக இழுத்துக்கொண்டு போகப்படக்கூடாது, தங்கள் தலைவர்களின் கீழ் தங்கள் கிராமத்திலேயே இருக்க வேண்டும். நிலத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் இன்றும் பிஜியர் குலங்களின் கையில் இருப்பது அன்று போட்ட அஸ்திவாரம். நல்ல மனசுதான். ஆனால் அரசாங்கம் நடத்தப் பணம் வேண்டுமே? பணத்துக்குக் கரும்பு, கரும்புக்கு ஆள். கார்டன் அதற்கு முன் டிரினிடாட்டிலும் மொரீஷியசிலும் கவர்னராக இருந்தவர். ஆள் எங்கே கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

1879 மே 14 அன்று லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் புறப்பட்டது. 1916 வரை போன 60,000 பேரில் ஏறத்தாழக் கால் பங்கு தென்னாட்டவர்: தமிழர், தெலுங்கர், மலையாளிகள். வட ஆற்காட்டுக்காரர்கள் அதில் கணிசம். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு நாள் கூலி ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் அன்றைக்கு அளந்து விட்ட வேலையை முடித்தால்தான். பத்தடிக்கு ஏழடி அறை, அதில் மூன்று ஒண்டிக்கட்டைகள் அல்லது ஒரு குடும்பம். இந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரத்தை பாரதி பாடியது தமிழ் வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். பிஜி என்ற பெயரே நம்மில் பலருக்கு அந்தப் பாட்டின் வழியாகத்தான் காதில் விழுந்தது.

வடக்கனந்தலில் உட்கார்ந்து இதை எழுதுகிறவனுக்குக் கரும்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் இந்த வட்டாரத்தில் கரணை நட்டதிலிருந்து சோகை உரிப்பது, கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்பது, வெட்டாள் கூலி ஏறுவது, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலை வாசலில் டிராக்டர் வரிசை நிற்பது வரைக்கும் வீட்டுப் பேச்சுதான். அரவைப் பருவம் வந்துவிட்டால் மனிதனுக்கு வேறு நினைப்பு கிடையாது. பிஜியில் அரவை ஜூனில் தொடங்கி நவம்பர் வரை ஓடும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அதுதான் குளிர்காலம். ரக்பி குளிர்கால ஆட்டம். அதாவது ஊரில் பந்து உருளும் மாதங்களில்தான் கரும்புக்காரன் கையில் கத்தி. பிஜி இந்தியர் ஏன் ரக்பி ஆடவில்லை என்று எழுதியவர்கள் பலர் உடல்வாகு, உணவு, சுபாவம் என்றெல்லாம் காரணம் அடுக்குகிறார்கள். நாட்காட்டியை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

பிஜியனின் கிராமத்திலோ நடுவில் ராரா என்ற புல்வெளி உண்டு. ஊர்க்கூட்டமும் சடங்கும் நடக்கும் பொது இடம். மைதானத்துக்கு என்று யாரும் நிலம் தேட வேண்டியதில்லை. மேலே ஒரு தலைவன், அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட இளைஞர் கூட்டம், பக்கத்து ஊரோடு தலைமுறை தலைமுறையாக வரும் போட்டி. போர் நின்றுபோய் சில பத்தாண்டுகளே ஆன சமூகம் அது. காவல் படையில் ரக்பி கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவன் கொண்டுவந்த ஆட்டத்துக்கு இதைவிட வாகான மண் வேறெங்கும் இருந்திருக்காது. பதினைந்து பேர் ஒரே ஊருக்காக முட்டி மோதி, ரத்தம் வந்தாலும் பகை இல்லாமல் சேர்ந்து உட்கார்ந்து யங்கோனா பானம் குடிக்கலாம் என்றால் எந்தத் தலைவன் வேண்டாம் என்பான்?

இந்த இடத்தில் ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிராளியின் கடைக்கோட்டைத் தாண்டித் தரையில் ஊன்ற வேண்டும். பந்தைக் கையால் முன்னோக்கி வீசக்கூடாது; பக்கத்திலோ பின்னாலோ இருப்பவனுக்குத்தான் தரலாம். பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்தலாம். கபடியில் பாடிவரும் ஆளை மடக்குகிற வித்தை நூறு மீட்டர் மைதானத்துக்கு விரிந்தால் எப்படியோ அப்படி. நம் பக்கத்துப் பொங்கல் போட்டிகளில் கால் பிடிக்கிற பையன்களைப் பார்த்தவர்களுக்கு உடல்வாகுக் கதை ஏன் எடுபடாது என்பதும் விளங்கும்.

அமைப்பு முறைக்கு வருவோம். 1913இல் சுவா நகரத்தில் கிராண்ட் பசிபிக் ஹோட்டல் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. அந்த வேலைக்கு நியூசிலாந்திலிருந்து வந்த பாடி ஷீஹன் என்ற பிளம்பர் ஊரில் சிதறிக்கிடந்த கிளப்புகளைச் சேர்த்து பிஜி ரக்பி யூனியனை உண்டாக்கினார். அதே டிசம்பரில் கலிஃபோர்னியா போய்விட்டுத் திரும்பிய நியூசிலாந்து அணி சுவாவில் இறங்கி ஆடியது. 67–3. பிஜி எடுத்த மூன்று புள்ளியும் ஷீஹன் போட்டதே. பிஜி என்ற பெயரில் இறங்கிய அந்த அணியில் பிஜியர் ஒருவர்கூட இல்லை, அத்தனை பேரும் வெள்ளையர். 1915இல் பிஜியருக்கென்று தனி யூனியன் பிரித்துக் கொடுத்தார்கள். பிரித்து வைப்பது அந்தக் காலனியின் பழக்கம்: பள்ளி தனி, ஆஸ்பத்திரி தனி, பந்தும் தனி.

பிரித்ததில் லாபம் அடைந்தவர்கள் பிஜியர். ஒன்பதே ஆண்டில் முழுக்க முழுக்க பிஜியர் அணி ஒன்று கப்பலேறி சமோவா, டோங்கா தீவுகளுக்குப் போனது. 1924 ஆகஸ்டில் சமோவாவின் அபியா நகரில் நடந்ததுதான் பிஜியின் முதல் சர்வதேச ஆட்டம். காலை 7 மணிக்குத் தொடங்கினார்கள். சமோவாக்காரர்கள் ஆடி முடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டுமாம். மைதானத்தின் நடுக்கோட்டில் ஒரு பெரிய மரம் நின்றது. வெட்டவில்லை, சுற்றி ஓடினார்கள். பிஜி 6–0 என்று ஜெயித்துவிட்டு டோங்கா கிளம்பியது. திரும்பும் வழியில் அதே சமோவாவிடம் 9–3 என்று தோற்றது. அதே 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா ரக்பித் தங்கம் வாங்கியது, அத்தோடு ரக்பியை ஒலிம்பிக் கைவிட்டது. மறுபடி சேர்க்க 92 ஆண்டு ஆனது. யாருக்காகக் காத்திருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

1930களின் இறுதி வரை பிஜியர் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். 1939இல் நியூசிலாந்துக்குச் சென்ற அணிதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. எட்டு ஆட்டம், ஒன்று சமன், மற்றதெல்லாம் வெற்றி. நியூசிலாந்தில் முழுச் சுற்றுப்பயணம் செய்து தோற்காமல் திரும்பிய முதல் அணி அது. அணித் தலைவர் ராட்டு ஜார்ஜ் தாகோம்பாவ். 1874இல் நாட்டை எழுதிக் கொடுத்த தாகோம்பாவின் கொள்ளுப்பேரன், பின்னாளில் நாட்டின் கவர்னர் ஜெனரல். நியூசிலாந்துக்காரர்களின் ஹாக்காவுக்குப் பதிலாக நம்மிடமும் ஒன்று இருக்க வேண்டும் என்று கிளம்புமுன் ஊர்ப் பெரியவரிடம் திம்பி என்ற போர்க்கூத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் இவரே. அதன்பின் பல பத்தாண்டுகள் பிஜி ஆடிய ஆட்டங்களுக்கு முன்னால் அது முழங்கியது. தலைவன் வீட்டுப் பிள்ளையே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அந்த ஆட்டத்துக்குக் குலமரியாதை தானாக வந்துவிடுகிறது. நம்மூரில் எந்த ஜமீன் வாரிசும் சடுகுடு ஆடியதாகக் கேள்விப்பட்டதில்லை. கபடி மேலே ஏற அவ்வளவு காலம் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கரும்புப் பக்கம் என்ன நடந்தது? 1920 ஜனவரி 1 அன்று ஒப்பந்தக் கூலி முறை ரத்தானது. கம்பெனி தோட்டங்களைப் பத்து ஏக்கர் துண்டுகளாக வெட்டி இந்தியர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. லயத்தை விட்டு வெளியே வந்து சொந்தக் குடிசை கட்டியவர்களுக்கு முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் தங்களுடையதானது. அந்தச் சாயங்காலத்தை எடுத்துக்கொண்டது கால்பந்து. தலைவன் வேண்டாம், ராரா வேண்டாம், கட்டைக் கரும்பு விட்ட வயலோரத்தில் நாலு கல் நட்டால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மறுநாள் காலை கரும்பு வெட்டப் போகிறவன் தோள்பட்டை பிசகி வீட்டில் கிடக்க முடியாது.

1926இல் சாது குப்புசாமி நாடி நகரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்கள், கோயில், தமிழ் வகுப்பு என்று வளர்ந்த சங்கம் அது. அதன் வேண்டுகோளை ஏற்று 1930களின் இறுதியில் ராமகிருஷ்ண மிஷன் தன் துறவிகளை பிஜிக்கு அனுப்பியது. அந்தச் சங்கத்தின் ஆண்டு மாநாடு ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும், கூடவே கால்பந்துப் போட்டியும். பல குடும்பங்களில் தமிழ் பேச்சு வழக்கிலிருந்து போய் பிஜி ஹிந்தி வந்துவிட்ட பிறகும், போட்டிக்கு வண்டி கட்டிக்கொண்டு போவது நிற்கவில்லை. 1938இல் பிஜி இந்தியர் கால்பந்துச் சங்கம் உருவானது. பெயரிலிருந்து ‘இந்தியர்’ என்ற சொல் உதிர 1960கள் வரை ஆனது.

பா என்ன ஆனது என்கிறீர்களா? நாட்டின் முதல் ரக்பி ஆட்டம் நடந்த அந்த ஊர் கால்பந்துத் தலைநகரம் ஆகிவிட்டது. மாவட்டங்களுக்கு இடையிலான கோப்பையை 1975 முதல் 1980 வரை தொடர்ந்து ஆறு முறை பா வென்றது. 2007இல் ஓஷியானியா சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போய், நியூசிலாந்தின் வைட்டாக்கரே அணியிடம் வெளியூர் கோல் கணக்கில் கோப்பையை விட்டது. ஊருக்குள் ராட்சதக் கால்பந்து உருவம் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரக்பிக்குச் சிலை இல்லை. ஆலையும் குத்தகை வயலும் இந்தியக் கடைவீதியும் சேர்ந்து, காவல் படைக்காரர்கள் நட்ட செடியைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை நட்டுவிட்டன.

இரண்டு பந்தும் இரண்டு வழியில் போவதை யுத்தம் இன்னும் கெட்டிப்படுத்தியது. இரண்டாம் உலகப் போரில் பிஜியர் பட்டாளம் பட்டாளமாகச் சாலமன் தீவுகளுக்குப் போனார்கள். வெள்ளையனுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம் கொடுத்தால் வருகிறோம் என்றது இந்தியத் தலைமை. கிடைக்கவில்லை, பெரும்பாலோர் சேரவில்லை. 1943இல் கரும்பு விலைக்காகப் பெரிய வேலைநிறுத்தம். முன்னின்றவர்கள் வழக்கறிஞர் ஏ.டி. பட்டேலும், சங்கத்துக்காக வந்திருந்த சுவாமி ருத்ரானந்தாவும். யுத்த நேரத்தில் வயலில் கரும்பு காய்ந்தது துரோகமாகப் பேசப்பட்டது. விளைவு நீண்டகாலத்துக்கு வந்தது. ராணுவமும் போலீசும் பிஜியர் கோட்டையாகவே நின்றன. ரக்பியின் வலுவான அணிகள் அங்கிருந்துதான் வந்தன. 1952இல் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 17–15 என்று வென்றதும், 1977 ஆகஸ்டில் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியை சுவாவில் 25–21 என்று கவிழ்த்ததும் அந்த வரிசையில் வந்தவையே.

1987 மே 14. லியோனிடாஸ் கரை தொட்ட அதே தேதி. இந்தியர் ஆதரவோடு ஆட்சிக்கு வந்து ஒரு மாதமே ஆன அரசை லெப்டினன்ட் கர்னல் சிட்டிவேனி ராபுகா துப்பாக்கி முனையில் கலைத்தார். பத்து நாள் கழித்து நியூசிலாந்தின் ஹாமில்டனில், முதல் ரக்பி உலகக் கோப்பையில் பிஜி அர்ஜென்டினாவை 28–9 என்று வென்றது. காலிறுதியில் பிரான்ஸ். ஃப்ளை ஹாஃப் இடத்தில் ஆடிய கொரொடுவாடுவா பந்தை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஆளில்லாத வெளியில் ஓடினார். கோடு முன்னால் தெரிகிறது, பந்து கையிலிருந்து நழுவுகிறது. 31–16 என்று தோல்வி. அந்த ஒற்றைக் கையை பிஜியர் இன்றும் பேசுகிறார்கள். ஊரில் அதே வாரங்களில் இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியா, கனடா விசாவுக்கு வரிசையில் நின்றன. 1986 கணக்கில் நாட்டில் பாதிக்குச் சற்றே குறைவாக இருந்தவர்கள் 2007இல் 37 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள்.

நிலைமையைக் கொஞ்சம் இளக்கியது ஏழு பேர் ஆட்டம். 1883இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊர் கிளப்புக்குப் பணம் திரட்ட நெட் ஹேக் என்ற கசாப்புக்கடைக்காரர் யோசித்த குறுக்கு வடிவம் அது. பாதிக்கு ஏழு நிமிடம், அணிக்கு ஏழு பேர். எண்ணிக்கையில் கபடி மாதிரியே. இடித்துத் தள்ளும் வேலை குறைவு, ஓட்டமும் கைச்சூட்சுமமும் அதிகம். 1977 ஹாங்காங் போட்டியில் பிஜி வென்றதிலிருந்து தீவில் அந்த வடிவம் தனி மதமாகிவிட்டது. அந்த ஆட்டத்தின் நட்சத்திரம் வைசாலே செரேவி ஆடிய நாட்களில் விடிய விடிய தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் இனப் பாகுபாடு கிடையாது.

2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் தீவுகளை நொறுக்கிப் போட்டது. ரக்கிராக்கியில் இருந்த பெனாங் சர்க்கரை ஆலை அந்தப் புயலோடு மூடியது, திரும்ப ஓடவில்லை. ஆகஸ்ட் 11 அன்று ரியோவில் ஒசேயா கொலினிசாவ் தலைமையில் பிஜி, பிரிட்டனை 43–7 என்று துவைத்தது. எந்த விளையாட்டிலும் பிஜி வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம். 22ஆம் தேதி நாடு முழுக்க விடுமுறை. டோக்கியோவில் நியூசிலாந்தை 27–12 என்று வென்று மறுபடி தங்கம். பாரிசில் பிரான்சிடம் 28–7 என்று தோற்று வெள்ளி. அந்த நாட்களில் பாவின் கடைவீதியிலும் நீலக்கொடி பறந்தது. கால்பந்து ஊர் ரக்பிக்கு மாறிவிடவில்லை, தங்கத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டது.

சர்க்கரை தேய்ந்துவர, தீவு இன்று வெளியே அனுப்பும் சரக்குகளில் ரக்பி ஆட்டக்காரனும் ஒருவன். பிரான்சின் கிளர்மோன் கிளப் பிஜியின் நட்ரோங்கா பகுதியிலேயே பயிற்சிக்கூடம் வைத்துப் பையன்களைப் பொறுக்கியது. பிஜியில் பிறந்த அலிவெரெட்டி ராக்கா, நோவா நகைட்டாசி போன்றவர்கள் பிரான்ஸ் சட்டையிலும், ஜோ ரோக்கோகோவும் சிட்டிவேனி சிவிவாட்டுவும் நியூசிலாந்துச் சட்டையிலும், லோட்டே டுக்கிரி ஆஸ்திரேலியச் சட்டையிலும் ஆடினார்கள். கார்டன் கிராமத்தை விட்டு நகரக்கூடாது என்று காவல் வைத்த குலத்துப் பிள்ளைகள்தான் இன்று கடல் தாண்டி ஒப்பந்தத்தில் போய், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

அடுத்த பகுதியில் சமோவா. நடுக்கோட்டில் மரத்தை வைத்துக்கொண்டு ஆடியவர்கள் 1991இல் கார்டிஃப் போய் வேல்சைத் தோற்கடித்த கதை.